கட்டுத்தரைக் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி பாலக்காட்டு எல்லை ஊர்களிலிருந்து. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என்று முகவரியைப் பார்த்ததுமே மற்ற கட்டைத் தள்ளி வைத்துவிட்டு இதை எடுத்துக்கொண்டேன். முப்பத்தோரு வருடம் மாட்டு டாக்டராக ஊசிப் பெட்டியோடு நான் சுற்றிய ஊர்கள் அவை. மிருகாஸ்பத்திரியில் சீட்டை மலையாளத்தில் எழுதுவேன், வெளியே வந்து மாட்டுக்காரரிடம் தமிழில் பேசுவேன். ஓய்வு பெற்ற பிறகும் போன் நின்றபாடில்லை.

ஒரு வேண்டுகோள். எழுதும்போது தேதி போட்டு எழுதுங்கள். மாடு எப்போது ஈன்றது, எப்போது கத்தியது, எப்போது ஊசி போட்டது என்று. “கொஞ்ச நாளாக”, “போன மாசம் எப்பவோ” என்று வந்த ஐந்து கடிதங்களை அப்படியே மூடி வைத்துவிட்டேன். என்ன பதில் எழுத?

கேள்வி: டாக்டரய்யாவுக்கு வணக்கமுங்க. எங்களிடம் எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் பிரீசியன்) கலப்பு மாடு ஒன்று, இரண்டாம் ஈத்து. மார்ச் 2, மார்ச் 25, ஏப்ரல் 16 என்று மூன்று தடவை சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டும் சினை நிற்கவில்லை. வாலில் ரத்தம் கண்ட அன்றைக்கே போன் செய்துவிடுகிறேன், ஒரு நாளும் தாமதித்தது இல்லை. தரகர் வந்து பார்த்துவிட்டு, ‘மலட்டு மாட்டுக்கு எதுக்குத் தீவனம், கொடுத்துவிடு’ என்கிறார். அடுத்த தடவை கிடாரிக் கன்று (பெண் கன்று) பிறக்கிற ஊசி போட்டுப் பார்க்கலாமா?
— வாசகி, எருத்தேம்பதி

பதில்: அம்மிணி, முதலில் தரகரை அனுப்பி வையுங்கள்.

நீங்கள் தேதி எழுதியிருப்பதால் கணக்கு சுலபம். மார்ச் 2லிருந்து 25 வரை 23 நாள். அங்கிருந்து ஏப்ரல் 16க்கு 22 நாள். பசு 18 முதல் 24 நாளுக்கு ஒரு தடவை பருவத்துக்கு வரும். உங்கள் மாடு சொல்லி வைத்தாற்போல் வருகிறது. முட்டைப்பை வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கோளாறு உங்கள் கடிதத்தில் இரண்டே சொல்லில் இருக்கிறது: ‘ரத்தம் கண்ட’. பெண்களுக்கு வருவதுபோல் நினைத்துக்கொண்டு, ரத்தம் வந்தால்தான் பருவம் தொடங்குகிறது என்று பல வீடுகளில் நம்புகிறார்கள். பசுவுக்கு அது தலைகீழ். பருவம் முடிந்து ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் ரத்தம் தெரியும். பருவம் என்பதே 12 முதல் 18 மணி நேரம். அது அடங்கி 10, 12 மணி நேரத்தில் முட்டை வெளியே வரும். அந்த முட்டைக்கு ஆயுள் சில மணி நேரம்தான். நீங்கள் ரத்தத்தைப் பார்த்து, போன் செய்து, ஆள் வந்து ஊசி போடும்போது முட்டை இல்லை. பஸ் போன பிறகு ஸ்டாப்புக்கு ஓடியிருக்கிறீர்கள், மூன்று தடவையும்.

சரி, பஸ் வருவதை எப்படித் தெரிந்துகொள்வது? மேய்ச்சலில் விடுகிற மாடு என்றால் இன்னொரு மாடு மேலே ஏறும்போது அசையாமல் நிற்கும். அதுதான் சரியான அடையாளம். (ஏறுகிற மாடு பருவத்தில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நின்று கொடுப்பதைத்தான் பார்க்க வேண்டும்.) உங்களிடம் ஒற்றை மாடு, அதுவும் கட்டிப்போட்ட மாடு. யார் மேல் ஏறும்? அதனால் விடியற்காலை நாலரை, ஐந்து மணிக்கு, மாடு படுத்திருக்கும்போதே டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்ப் பாருங்கள். படுத்த மாட்டின் வயிற்றுப் பாரம் உள்ளே இருக்கிற கோழையை வெளியே தள்ளும். வாலுக்குக் கீழே தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் கிடக்கும். சிறுநீர் என்றால் மண் குடித்துவிடும். இது குடிக்காது. முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி, வெளிச்சம் பட்டால் கண்ணாடிபோல் மின்னும். ஈர்க்குச்சியால் தூக்கினால் அறுபடாமல் நூலாக எழும். அந்த நூலைப் பார்த்துவிட்டால் காலண்டரில் வட்டம் போடுங்கள். அன்றைக்குப் பால் ஒரு லிட்டர் குறையலாம், தீனியில் கவனம் இருக்காது, அடிக்கடி மூத்திரம் பெய்யும். சில மாடுகள் ஊரைக் கூட்டும், சில வாயே திறக்காது.

காலையில் பார்த்தால் அன்று சாயங்காலம் ஊசி. சாயங்காலம் பார்த்தால் மறுநாள் காலை. அவ்வளவுதான்.

பார்த்த கோழை கலங்கலாக, வெள்ளையாக, சீழ் கலந்த மாதிரி இருந்தால் ஊசி போடச் சொல்லாதீர்கள். கருப்பையில் புண் இருக்கிறது என்று அர்த்தம். முதலில் அதற்கு வைத்தியம், அடுத்த பருவத்தில் ஊசி.

இன்னொரு சங்கதி. சரியான நேரத்தில் ஊசி போட்ட மாடும் மறுநாள் ரத்தம் காட்டும். ‘ரத்தம் போட்டுவிட்டது, இனி சினை நிற்காது’ என்று சிலர் உடனே மறு ஊசிக்கு ஆள் அனுப்புவார்கள். நிற்காது என்று யார் சொன்னது? ரத்தத்துக்கும் சினை நிற்பதற்கும் சம்பந்தம் இல்லை. ரத்தத்துக்கு ஒரே உபயோகம் தேதி எழுதுவது. ரத்தம் கண்ட நாளிலிருந்து 18ஆம் நாள் தொடங்கி டார்ச்சோடு எழுந்திருக்க வேண்டும்.

நீங்கள் ஊசி போட்ட மாதங்களும் மோசமான மாதங்கள். பங்குனி, சித்திரையில் பாலக்காட்டுக் கணவாய்க்காற்று அடுப்பைத் திறந்துவிட்ட மாதிரி அடிக்கும். மாட்டுக்கு உடம்பு கொதித்தால் தங்கிய கருவும் முதல் வாரத்திலேயே கரைந்து போகும். ஊசி போட்ட பிறகு பத்து நாளாவது மத்தியான வெயிலில் மேயவிடாதீர்கள். தகரக் கொட்டகை என்றால் மேலே தென்னங்கீற்றைப் போடுங்கள். தீவனத்தின் பெரும்பங்கை விடியற்காலையும் இருட்டிய பிறகும் கொடுங்கள். தாது உப்புக் கலவை தினம் 30 முதல் 50 கிராம் வரை கொடுக்கலாம். சாமி படத்துக்குப் பின்னால் பொட்டலத்தோடு வைத்திருந்தால் வேலை செய்யாது. அப்படிப் பல வீட்டில் பார்த்திருக்கிறேன்.

கிடாரிக் கன்று ஊசி இப்போது வேண்டாம். அதில் நூற்றுக்குத் தொண்ணூறு கிடாரிதான் பிறக்கும், உண்மை. ஆனால் அந்த விந்துக் குழலில் இருக்கிற உயிரணுக்கள் சாதாரணக் குழலில் இருப்பதைவிட மிகக் குறைவு. நேரம் கொஞ்சம் தப்பினாலும் வீண். ஒரே ஊசியில் நிற்கிற மாட்டுக்கும் நல்ல கிடாரிக்கும் அதைப் போடலாம். நிற்காத மாட்டுக்குப் போட்டால் காசுதான் போகும்.

அச்சில் வருவதற்குள் அடுத்த பருவம் தாண்டிவிடும் என்பதால் இதையெல்லாம் இந்த அம்மிணியிடம் போனிலேயே சொல்லிவிட்டேன். மே 5ஆம் தேதி விடிவதற்குள் கூப்பிட்டார்: “நூல் வந்திருக்குதுங்க.” சாயங்காலம் ஊசி போட்டாயிற்று. ஜூலை மாதம் டாக்டர் கை விட்டுப் பார்த்துச் சொல்வார். அதுவரை நானும் ஒன்றும் சொல்வதற்கில்லை.

கேள்வி: எங்கள் மாடு இரட்டைக் கன்று போட்டது. ஒன்று காளை, ஒன்று கிடாரி. கிடாரிக்கு இப்போது 20 மாதம், நல்ல வளர்த்தி. பருவத்துக்கே வரவில்லை. முளைகட்டிய பயறு, தாது உப்பு, பூச்சி மருந்து எல்லாம் கொடுத்தாயிற்று. வேறென்ன கொடுக்கலாம்?
— வாசகர், நல்லேப்பிள்ளி

பதில்: ஒன்றும் கொடுக்க வேண்டாம். காளையோடு கூடப் பிறந்த கிடாரி நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மலடுதான். வயிற்றில் இரண்டு கன்றின் கொடியிலும் ரத்தக்குழாய்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். ஆண் கன்றின் சுரப்பு அந்த வழியாக வந்து, பெண் கன்றின் கருப்பை உருவாவதற்கு முன்பே அதைக் கெடுத்துவிடும். வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. டாக்டரிடம் ஒரு தடவை உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். பிறப்புறுப்புக் குழாய் குட்டையாக இருந்தால் தெரிந்துவிடும். அதை இரண்டாம் வாரமே செய்திருக்கலாம், 20 மாதத் தீவனம் மிச்சம். கூடப் பிறந்த காளைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆட்டுக்காரர்கள் பயப்பட வேண்டாம். ஆட்டில் இது மிக அபூர்வம். கிடாவோடு பிறந்த பெட்டைக் குட்டி நன்றாகவே ஈனும்.

கேள்வி: மாந்தோப்புக்குள் ஆறு மாடு வைத்திருக்கிறோம். மாசியில் சந்தையில் வாங்கிய சினை மாடு ஒன்று ஏழாம் மாதம் கன்றை வீசிவிட்டது. இளங்கொடியும் (நஞ்சுக்கொடி) விழாமல், என் தம்பி கையாலேயே எடுத்தான். வழக்கப்படி சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிட்டோம். இப்போது பக்கத்துக் கட்டுத்தரையில் இருந்த மாடும் ஆறரை மாதத்தில் வீசிவிட்டது. கண்ணேறு என்கிறார் அம்மா. கழிப்பு எடுத்தும் ஆயிற்று. என்ன செய்யலாம்?
— வாசகர், முதலமடை

பதில்: தம்பி, இந்த ஒரு கடிதத்துக்காக மற்ற பதிலையெல்லாம் சுருக்கினாலும் பரவாயில்லை.

கழிப்பு எடுத்ததில் தப்பில்லை. ஆனால் ஐந்து மாதத்துக்கு மேல் கன்று வீசுவதும், இளங்கொடி தங்குவதும், ஒன்றையடுத்து இன்னொன்று வீசுவதும் சேர்ந்து வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது கருச்சிதைவு நோயை. புரூசெல்லா என்கிற கிருமி. அடிபட்டும் மாடு வீசும், கடும் வெயிலிலும் வேறு கிருமியாலும் வீசும். அதனால் ரத்தம் எடுத்துப் பார்க்காமல் முடிவு கட்டக்கூடாது. ஆறு மாட்டின் ரத்தத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். வீசிய மாட்டுக்கு முதல் தடவை தெளிவாக வராவிட்டால் மூன்று வாரம் கழித்து மறுபடி.

ஆலமரம் விஷயம். சுகப்பிரசவமான மாட்டின் இளங்கொடியை நாய் இழுக்காமல் பால் மரத்தில் கட்டுவது நம் பெரியவர்கள் வழக்கம். நல்ல வழக்கம்தான், நாயிடமிருந்து காப்பாற்றியது. ஆனால் வீசிய மாட்டின் கொடியில் கோடிக்கணக்கில் கிருமி இருக்கும். சாக்கு ஒழுகும், காக்கை கொத்தும், கீழே விழுந்தால் நாய் இழுத்துக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போகும். கீழே இருக்கிற புல்லை மாடு மேயும். அந்தச் சாக்கை இன்றைக்கே இறக்குங்கள். நாலைந்து அடிக் குழி, கொடி மேலே நிறையச் சுண்ணாம்பு, அப்புறம் மண், மேலே முள். மாடு வீசிய இடத்தில் வைக்கோலை எரித்துவிட்டுச் சுண்ணாம்பு தெளியுங்கள்.

அடுத்தது உங்கள் தம்பியின் கை. இந்தக் கிருமி மனிதனுக்கும் வரும். எனக்கே வந்தது. அப்போது எனக்கு நாற்பது வயதுகூட இல்லை. ஒரு ராத்திரி கையுறை கிழிந்துபோய், பரவாயில்லை என்று வெறுங்கையால் ஒரு மாட்டுக்குக் கொடி எடுத்தேன். விரலில் முள் கீறியிருந்தது. மூன்று வாரம் கழித்துச் சாயங்காலமானால் காய்ச்சல். ராத்திரி பனியன் பிழிகிற அளவுக்கு வியர்வை. காலையில் ஒன்றும் இல்லாத மாதிரி எழுந்து வேலைக்குப் போவேன். இடுப்பும் முட்டியும் எழுபது வயதுக் கிழவன்போல் வலிக்கும். டைபாய்டு என்று ஒரு இடத்தில் வைத்தியம், மலேரியா என்று இன்னொரு இடத்தில். இரண்டரை மாதம் இப்படியே போயிற்று. மாட்டு டாக்டர் என்று நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. கடைசியில் என் மனைவிதான், “மாட்டுக்கு எடுக்கிற டெஸ்டை உங்களுக்கு எடுத்தா என்ன?” என்றாள். எடுத்தோம், இருந்தது. இரண்டு வகை மாத்திரை, ஆறு வாரம்.

அதனால் தம்பிக்குக் காய்ச்சல், வியர்வை, மூட்டுவலி எது வந்தாலும் ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையே ‘வீசிய மாட்டைத் தொட்டேன்’ என்பதாக இருக்கட்டும். இனிமேல் வெறுங்கையால் எடுக்க வேண்டாம். கையுறை இல்லாவிட்டால் கிட்டவே போகாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். வீட்டில் சினையாக இருக்கும் பெண்… மன்னிக்கவும், தொழில் பாஷை வந்துவிட்டது, கர்ப்பமாக இருக்கும் பெண் யாராவது இருந்தால் அந்தக் கட்டுத்தரைப் பக்கமே வரக்கூடாது. பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடித்தால் பயமில்லை. பச்சைப் பாலில் உறை ஊற்றுவது, குழந்தைக்குக் கறந்த சூட்டோடு கொடுப்பது இரண்டையும் நிறுத்துங்கள்.

நோய் உறுதியானால் அந்த மாட்டுக்கு வைத்தியம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சில மாடுகள் அடுத்த ஈத்தில் முழுக்கன்று போடும். ஆனால் ஒவ்வொரு ஈத்திலும் கிருமியைக் கொட்டும். தனியே கட்ட வேண்டும், மற்றவை ஈனும் இடத்துக்கு விடக்கூடாது. நோய் தெரிந்தும் தெரியாத மாதிரி சந்தைக்கு ஓட்டாதீர்கள். உங்களுக்கு ஒருவர் அப்படித்தான் விற்றிருப்பார்.

தடுப்பூசி இருக்கிறது. நான்கு மாதத்திலிருந்து எட்டு மாதம் வரையிலான கிடாரிக் கன்றுக்கு மட்டும், ஆயுளில் ஒரே தடவை. காளைக்கன்றுக்குக் கிடையாது, சினை மாட்டுக்குப் போடவே கூடாது. 2019ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் கோமாரி ஊசியோடு இதுவும் இலவசம். கன்று எட்டு மாதம் தாண்டிய பிறகு ‘மறந்துவிட்டோம்’ என்று வந்து நிற்பவர்கள்தான் அதிகம். கன்று பிறந்த தேதியைக் கட்டுத்தரைத் தூணில் சுண்ணாம்பால் எழுதிவிடுங்கள்.

கேள்வி: தீவனச் சோளம் அறுத்த கட்டையில் மழைக்குப் பிறகு துளிர்த்திருந்தது. ஒரு சாண் இருக்கும். கயிறு அவிழ்ந்து மாடு அதில் கால் மணி நேரம்தான் மேய்ந்தது. நுரை தள்ளி, சுருண்டு விழுந்து, பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. பாம்பாக இருக்குமா?
— வாசகர், வடகரப்பதி

பதில்: பாம்பைக் குற்றம் சொல்லாதீர்கள், சோளம்தான். இளஞ்சோளத்தில், அதிலும் காய்ந்து கிடந்து மழைக்குத் துளிர்த்ததில், சயனைடு விஷம் ஊறும். வடகரப்பதி போன்ற மானாவாரிப் பூமியில் வருடா வருடம் நடப்பது. ரத்தம் செக்கச்செவேல் என்று இருந்திருக்கும், ஈறும் அப்படியே. மாற்று மருந்து தயோசல்பேட், ரத்தக்குழாயில் ஏற்ற வேண்டும். டாக்டர் பக்கத்துத் தோட்டத்திலேயே இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் அவ்வளவுதான். பூ எடுக்கிற வரை சோளத்தில் மாட்டை விடாதீர்கள். அறுத்த கட்டை இருக்கிற காட்டில் மழை பெய்தால் கயிற்றை இரண்டு தடவை இழுத்துப் பாருங்கள். மரவள்ளி இலையும் இதே ஜாதி.

இன்சூரன்ஸ் இருந்திருந்தால் புதைப்பதற்கு முன் டாக்டரைக் கூப்பிட்டுப் பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டும், காது வில்லையைக் கழற்றக் கூடாது. உங்களுக்குத் தாமதமாகிவிட்டது. படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

கேள்வி: நாலாம் ஈத்து மாடு. ஈன்ற மறுநாள் படுத்தது எழவில்லை. காது சில்லிட்டிருந்தது. டாக்டர் வந்து ‘பால் காய்ச்சல்’ என்று பாட்டில் ஏற்றியதும் எழுந்துவிட்டது. உடம்பே ஜில்லென்று இருக்கும்போது காய்ச்சல் எங்கே வந்தது? அடுத்த ஈத்தில் வராமல் இருக்க இப்போதே கால்சியம் டானிக் கொடுக்கலாமா?
— வாசகி, மீனாட்சிபுரம்

பதில்: பேர்தான் காய்ச்சல், உடம்புச் சூடு இறங்கத்தான் செய்யும். கறவை தொடங்கியதும் ரத்தத்தில் உள்ள சுண்ணாம்புச் சத்து மொத்தமாகப் பாலுக்கு இறங்கிவிடுகிறது, தசைக்கு மிச்சமில்லை. மாடு கழுத்தை விலாப் பக்கம் மடக்கிக்கொண்டு படுத்துவிடும்.

இப்போது கறக்கும்போது டானிக் கொடுங்கள், சரி. ஆனால் அடுத்த சினையின் கடைசி மாதத்தில் நிறுத்திவிடுங்கள். ஈனுவதற்கு முன் அள்ளிக் கொடுத்தால், எலும்பிலிருந்து எடுத்துப் பழகுகிற வேலையை உடம்பு மறந்துவிடும். ஈன்ற அன்றைக்குத் திடீரென்று தேவைப்படும்போது எடுக்கத் தெரியாது. முன்பு ஒரு தடவை வந்த மாடு என்பதால் ஈன்ற முதல் இரண்டு நாள் மடியை ஒட்டக் கறக்காதீர்கள். கன்றுக்கு வேண்டிய சீம்பால் போதும்.

படுத்த மாட்டுக்கு வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். கஞ்சி, சுக்குக் கஷாயம், சோடா, எதுவும். விழுங்குகிற தசையும் தளர்ந்திருக்கும், நேராக நுரையீரலுக்குப் போகும். நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி, இரண்டு பக்கமும் வைக்கோல் சாக்கை அண்டை கொடுத்து, டாக்டர் வரும்வரை உட்கார வையுங்கள். நான் வேலையில் சேர்ந்த மூன்றாம் வருடம் எங்கள் வீட்டு மாடே இப்படிப் படுத்தது. நான் முகாமுக்குப் போயிருந்தேன். சாயங்காலம் வந்து கால்சியம் ஏற்றியதும் எழுந்தது. ஆனால் மத்தியானமே அம்மா மூங்கில் குழாயில் சுக்குக் கஷாயம் புகட்டியிருந்தாள். நாலாம் நாள் மூச்சு இரைத்துச் செத்தது. ‘நீ ஊசி போட்டும் நிக்கலையே சாமி’ என்று அம்மா என்னிடம்தான் வருத்தப்பட்டாள். நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

கேள்வி: குட்டை மாடு வாங்க ஆசை. வெச்சூர் நல்லதா, புங்கனூர் நல்லதா? விலை லட்சத்தைத் தாண்டுகிறது.
— வாசகர், கோபாலபுரம்

பதில்: எதற்கு என்று எழுதவில்லையே! பால் சொசைட்டிக்கு ஊற்ற என்றால் இரண்டும் வேண்டாம். வெச்சூர் நாளைக்கு இரண்டு, மூன்று லிட்டர் கொடுத்தாலே அதிகம். வீட்டுக் குழந்தைகளுக்குப் பால், வாசலில் ஒரு மாடு, கையளவு தீனி என்றால் வெச்சூர் வாங்குங்கள், நம் பக்கத்து மழைக்கும் வெயிலுக்கும் பழகியது. வைக்கம் பக்கத்து இனம். அற்றுப்போகிற நிலையில் இருந்ததை 1989ல் மண்ணுத்தி கால்நடைக் கல்லூரிப் பேராசிரியர் சோசம்மா ஐப், மாணவர்களோடு ஊர் ஊராகத் தேடிச் சேர்த்துக் காப்பாற்றினார். புங்கனூர் ஆந்திரச் சித்தூர்ப் பக்கத்து மாடு, பலமநேரில் அதற்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

லட்சம் கொடுப்பதற்கு முன் தாய் மாட்டையும் கூடப் பிறந்ததையும் காட்டச் சொல்லுங்கள். வளர்த்தி குன்றிய நாட்டுக் கன்றுக்குச் சலங்கை கட்டி, ‘புங்கனூர்’ என்று போட்டோ அனுப்புகிறார்கள். பல்லைப் பாருங்கள். ஆறு மாதம் என்று சொல்கிற கன்றுக்கு முன்பக்கம் பால்பல் விழுந்து இரண்டு நிலைப்பல் முளைத்திருந்தால் அதற்கு வயது சுமார் இரண்டு வருடம்.